பெரியப்பாவுக்கு நான் எழுதிக் கொடுத்த வசனம்

மகள்,

நேற்று ரெலிபோனில் நீ சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். உன் கலியாணத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று கதைத்துக்கொண்டிருந்தோம். பெரியப்பாவின் பெயர் வந்ததும் உன் குரல் மாறியது. "அப்பா சாகக் கிடக்கேக்கை எட்டியும் பாக்காத மனிசன். செத்தாப் பிறகு பெட்டிக்குப் பக்கத்திலை வந்து நிண்டவர். அவர் வேண்டாம் அம்மா" என்றாய். உன்ர விருப்பம் பிள்ளை என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன். வைத்துவிட்டுச் சிரித்தேன். பொய் சொல்லி என்ன, வாய்விட்டே சிரித்தேன். அந்த மனிதரின் முகத்துக்கு நேரே ஒரு கதவு சாத்தப்படுவதைப் பார்க்க முப்பது வருசமாகக் கறுவிக்கொண்டிருந்தவள் நான். என் மகளே சாத்துகிறாள் என்றால் சிரிக்காமல் என்ன செய்வது? ஆனால் சிரித்து முடிந்தபிறகு மனம் உறுத்தியது. நீ சொன்ன காரணம் பிழை. அது பிழை என்று இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவர், மற்றது நான். அதனால்தான் இதை எழுதுகிறேன். தமிழ் வாசிக்க உனக்கு நேரமெடுக்கும் என்று தெரியும், ஆறுதலாக வாசி. நீ கட்டப்போகிற ஜோயலுக்கும் வாசித்துச் சொல். அவனுடைய பிலிப்பீன்ஸ் ஆட்கள் கிறிஸ்மஸ், அதுதான் எங்கள் நத்தார், கொண்டாடுகிற விதம் இந்தக் கதைக்குள் நிறைய வருகிறது. அது இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

எண்பத்தைந்தாம் ஆண்டு. நீ பிறக்க இரண்டு மாதம் இருந்தது. அப்பாவும் நானும் ஒன்றாகத்தான் ஊரைவிட்டு வெளிக்கிட்டோம். ஜெர்மனியில் அவரைப் பிடித்து வைத்துவிட்டார்கள். என்னை மட்டும் ஏஜென்சிக்காரன் லண்டன்வரை கொண்டுவந்து சேர்த்தான். கையில் ஒரு சூட்கேசும் ஒரு விலாசமும் இருந்தன. செவன் கிங்ஸில் உன் பெரியப்பாவின் வீட்டு விலாசம். அப்பாவுக்கு இருந்த ஒரே அண்ணன் அவர். எழுபதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து, உத்தியோகம் எடுத்து, வீடு வாங்கி, பங்குக் கோயிலில் முன்வரிசையில் இருந்து, பூசையில் வாசகமும் வாசிக்கிற ஆள். அவர் பார்த்து வைத்த பெண்ணை வேண்டாம் என்றுவிட்டு, மன்னாரில் கடல்தொழில் செய்கிற ஒருவரின் மகளை, அதாவது என்னை, அப்பா கட்டினார் என்று அவருக்குக் கோபம். அது எனக்குத் தெரியும். ஆனாலும் வயிற்றில் இருப்பது தம்பியின் பிள்ளை, நத்தாருக்கு ஒரு கிழமை இருக்கிறது, கதவைத் திறக்காமலா விடப்போகிறார் என்று நம்பிப் போனேன்.

திறந்தார், சங்கிலியைக் கழற்றாமல். நாலு விரல் இடைவெளி. அதற்குள்ளால் அவருடைய பாதி முகமும், பின்னால் மின்னி மின்னி எரிகிற கிறிஸ்மஸ் மரமும், அதற்குப் பக்கத்தில் பெரியம்மாவின் வீட்டுச் செருப்பும் தெரிந்தன. நான் யாரென்று சொன்னேன். தெரியும் என்றார். பிறகு சொன்னது இது. "ஆர் உன்னை வரச்சொன்னது? இஞ்ச இடமில்லை. இண்டைக்கு மரியாதையான ஆக்கள் வருகினம். வாசல்லை நிண்டு கண்ணீர் வடிக்காமல் வந்த வழியைப் பார்." நான் அசையவில்லை. கால் இரண்டும் வீங்கி, அசைய ஏலாமலும் இருந்தது. அப்போது இன்னொன்றும் சொன்னார். "கடற்கரைச் சனத்துக்கு என்ர வாசல்படி கேக்குதோ?" அதோடு கதவைச் சாத்தினார். உள்ளே பெரியம்மா ஏதோ சொல்லத் தொடங்கியதும், அவர் அதட்டியதும் எனக்குக் கேட்டன. இன்றைக்கும் 'அவர்' என்று மரியாதை போட்டுத்தான் எழுதுகிறேன். அது வளர்ந்த பழக்கமே தவிர அவருக்காக இல்லை.

தெருமுனையில் கோயில் இருந்தது. மாதா சொரூபத்துக்கு முன்னால் இருந்து அழுதுதீர்க்கலாம் என்று உள்ளே போனேன். அழ விடவில்லை. ஏழெட்டுப் பிலிப்பீன்ஸ் பெண்கள் ஏணி வைத்து ஒரு பெரிய நட்சத்திரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மூங்கில் தடியில் வண்ணக் கண்ணாடித்தாள் ஒட்டி, கீழே இரண்டு குஞ்சம் தொங்கவிட்டு, உள்ளே பல்ப் வைத்த ஆளுயர நட்சத்திரம். அவர்கள் பரோல் என்பார்கள். ஏணியில் நின்ற ஒருத்தி, நீ யார், எங்கிருந்து வந்தாய் என்று எதுவும் கேட்காமல் கயிற்று நுனியை என் கையில் தந்து, இதை இழுத்துப் பிடி என்றாள். பிடித்தேன். நட்சத்திரம் மேலே போய் எரிந்தபிறகுதான் இறங்கி வந்து என் வயிற்றைப் பார்த்தாள், சூட்கேசைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். அவள்தான் லூர்தெஸ், உன் நினாங். ஞானத்தாய்க்கு அவர்கள் பேச்சில் நினாங். ஜோயலின் பெரியம்மா என்று இப்போது நீ புதிதாக முறை சொல்லவேண்டியிருக்கும். எனக்கு அவள் அன்றைக்கு அந்த ஏணியிலிருந்து இறங்கி வந்தவள்.

அன்று பின்னேரம் அங்கே பூசை. நத்தாருக்கு முன்னால் ஒன்பது நாளும் அவர்களுக்குப் பூசை உண்டு. ஊரில் என்றால் விடியக்காலை நாலு மணிக்கு எழும்பிப் போவார்களாம். லண்டனில் எல்லாரும் ஷிப்ட் வேலை, அதனால் பின்னேரத்துக்கு மாற்றி, நாளுக்கு ஒரு பங்கில் வைத்தார்கள். ஒன்பதையும் விடாமல் போனால் கேட்டது கிடைக்கும் என்று நம்பிக்கை. நான் மிச்சம் இருந்த எல்லா நாளும் போனேன். என்ன கேட்டேன் என்று நீ கேட்பாய். நீ சுகமாகப் பிறக்கவேண்டும், அப்பா வந்து சேரவேண்டும் என்று கேட்டேன். மூன்றாவதாக அந்த மனிதர் ஒருநாள் அவமானப்படவேண்டும், அதை நான் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும் என்றும் கேட்டேன். மூன்றும் கிடைத்தன. கடவுளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

லூர்தெஸ் என்னைக் கூட்டிப்போன வீடு, வால்தம்ஸ்டோவில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை. அதற்குள் லூர்தெஸோடு ஐந்து பெண்கள். ஆஸ்பத்திரிக் குசினியில் ஒருத்தி, ஹோட்டலில் கட்டில் விரிக்கிறவர்கள் இருவர், பணக்கார வீட்டில் பிள்ளை பார்க்கிறவள் ஒருத்தி. லூர்தெஸ் வார்ட்டில் நேர்ஸ்மாருக்கு உதவியாக வேலை செய்தாள். தன் கட்டிலை எனக்குத் தந்துவிட்டு நிலத்தில் படுத்தாள். அவளுடைய மூன்று பிள்ளைகளும் ஊரில், அவள் பார்த்து ஐந்து வருசமாகியிருந்தது. அந்த வீட்டில் நத்தார் செப்டம்பரிலேயே தொடங்கிவிட்டிருந்தது. பாட்டுக் கசற் செப்டம்பரிலிருந்து ஓடுகிறதாம், ஊருக்கு அனுப்புகிற பெட்டிகள் அதற்கும் முந்தியே கட்டியாகிவிட்டதாம். சவர்க்காரம், சொக்லேட், சப்பாத்து, டின் இறைச்சி, பிள்ளைகளின் கால் அளவைக் கடதாசியில் வரைந்து வைத்துக்கொண்டு வாங்கிய உடுப்பு. கால் வளர்ந்திருக்கும் என்று ஒரு சைஸ் கூட்டி வாங்குவாள் லூர்தெஸ். எவ்வளவு கூட்டுவது என்று தெரியாமல் கடையில் நின்று யோசிப்பாள்.

நத்தார் இரவுப் பூசை முடிந்து வந்ததும் மேசை விரித்தார்கள். இதை நீ ஒவ்வொரு வருசமும் பார்த்து வளர்ந்தவள், உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சிவப்பு மெழுகு பூசிய உருண்டைச் சீஸ், பன்றித் தொடை, நூடில்ஸ், சீனி போட்ட ஸ்பகெற்றி, அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வாழையிலையில் வைத்து அவணில் சுட்ட பிபிங்கா. எங்கள் அப்பத்துக்குக் கிட்டத்தட்ட வரும். அந்த முதல் வருசம் வாழையிலை கிடைக்காமல் பேக்கிங் பேப்பரில் சுட்டு, மணமில்லை என்று எல்லாரும் மூக்கைச் சுளித்தார்கள். அடுத்த வருசத்திலிருந்து சவுத்தாலுக்குப் போய் இலை வாங்கி வருவது என் பொறுப்பு. மேசையில் அவர்கள் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொருத்தியாகக் கீழே இறங்கித் தெருவில் இருக்கிற ரெலிபோன் பெட்டிக்குள் போய் ஊருக்குக் கதைத்து, அழுது, மூக்கைத் துடைத்துக்கொண்டு மேலே வந்து திரும்பவும் சிரிப்பார்கள். எனக்கு எடுக்க ஒரு நம்பரும் இல்லை. ஆனபடியால் என் அழுகையை மேசையில் இருந்தே அழுதேன். லூர்தெஸ் என் தட்டில் இன்னொரு துண்டு வைத்தாள். யாரென்று தெரியாத ஒருத்தி இவ்வளவு செய்கிறாளே என்று நினைக்க நினைக்க எனக்கு நன்றி பெருகியது. அதைவிட இரண்டு மடங்கு வன்மம் பெருகியது. அவள் எவ்வளவு நல்லவளோ அவ்வளவுக்கு அவர் கெட்டவராகிக்கொண்டு போனார்.

இந்த இடத்தில் உனக்கு இரண்டு புத்தி சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோவேன். கலியாணத்துக்குப் பிறகு நத்தார் அன்று ஜோயலின் வீட்டுப் பெரியவர்களைக் கண்டால் குனிந்து அவர்களின் கையை எடுத்து நெற்றியில் வை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது பரிசுக்காக ஓடி ஓடிச் செய்தாய், இனிப் பரிசு இல்லாமலும் செய். இரண்டாவது, உன்னை யாராவது நினாங் ஆகக் கேட்டால் யோசித்து ஓம் சொல். நத்தார் அன்று ஞானப்பிள்ளைகள் படையாக வந்து கதவைத் தட்டுகிறபோது ஒளித்துக்கொள்கிற ஞானத்தாய்மாரைப் பற்றி அவர்கள் வருசம் முழுக்கப் பகிடி பண்ணுவார்கள். லூர்தெஸ் உனக்கு ஒரு வருசமும் ஒளிக்கவில்லை. என்னோடு கோபமாக இருந்த வருசத்திலும் ஒளிக்கவில்லை. அந்தக் கோபத்தைப் பற்றித்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

எண்பத்தேழில் அப்பா வந்து சேர்ந்தார். விமான நிலையத்துக்குப் பெரியப்பா ஓவர்கோட்டோடு வந்து தம்பியைக் கட்டிப்பிடித்து அழுதார். அப்பாவும் அழுதார். அதற்கு முதலே நான் அப்பாவுக்குக் கடிதத்தில், அண்ணை வீடு பூட்டிக் கிடந்தது, நத்தாருக்கு எங்கேயோ போய்விட்டார்கள் என்று எழுதியிருந்தேன். முகாமில் கிடக்கிற மனிதருக்கு அண்ணன் இருக்கிறார் என்ற நினைப்பாவது மிஞ்சட்டும் என்றுதான் எழுதினேன். அப்படித்தான் பல வருசம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பாதிதான் அது. மிச்சப் பாதி, சொல்லிவிட்டால் அப்பா ஒரு சண்டை பிடிப்பார், பெரியப்பா ஒரு மன்னிப்புக் கேட்பார், விசயம் சப்பென்று முடிந்துபோகும் என்ற பயம். எனக்கு அது போதாது. பெரியப்பா முதல் வருசம் என் முகத்தைப் பார்க்கக் கூசினார். நான் ஒன்றும் சொல்லவில்லை என்று தெரிந்ததும் கூச்சம் விட்டுப்போனது. பிறகு நத்தாருக்கு நத்தார் சேலை தந்து, பிள்ளை பிள்ளை என்று கூப்பிட்டு, தன் கையால் கேக் வெட்டித் தந்தார். ஒவ்வொரு துண்டையும் நான் சிரித்த முகத்தோடு சாப்பிட்டேன்.

தொண்ணூற்று மூன்றில் எனக்கு வழி திறந்தது. செவன் கிங்ஸ் பங்கில் பாதர் எல்லா நாட்டு ஆட்களையும் சேர்த்து நத்தார் செய்ய விரும்பினார். லூர்தெஸின் ஆட்கள் தங்கள் ஊர் வழக்கமான பனுனுலுயனை நடத்துவதாகச் சொன்னார்கள். சூசையப்பரும் மாதாவும் பெத்லகேமில் இடம் தேடி அலைந்ததைத் தெருவில் நடந்தே நடித்துக் காட்டுவது அது. அவர்கள் இருவரும் முன்னால் போவார்கள், சனம் மெழுகுதிரியோடு பின்னால் போகும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று இடம் கேட்டுப் பாடுவார்கள். வீட்டுக்காரர் இடமில்லை என்று விரட்டவேண்டும். கடைசியில் கோயில் கதவு திறக்கும். விரட்டுகிற வீடுகள் முன்கூட்டியே ஒழுங்கு செய்தவை. ஐரிஷ்காரர் வீடு ஒன்று, நைஜீரியாக்காரர் வீடு ஒன்று, தமிழ் வீடு ஒன்று, அவரவர் பாஷையில் விரட்டலாம். தமிழ் வீடு பிடித்துத் தரச் சொல்லி லூர்தெஸ் என்னைக் கேட்டாள். கேட்ட அந்த நிமிசமே யாருடைய வீடு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பெரியப்பாவிடம் போய், அத்தான், உங்களை விட்டால் வேறு யார், கோயிலுக்குப் பக்கத்தில் வீடு, பூசையில் வாசிக்கிற குரல் என்றேன். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. வசனம் நான் எழுதித் தருகிறேன் என்றேன். எழுதினேன். எட்டு வருசத்துக்கு முன்னால் அவர் எனக்குச் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதினேன். ஒன்றை மட்டும் விட்டேன், கடற்கரைச் சனம் என்ற வரியை. அதை எழுத என் கை வரவில்லை. கடதாசியை அவரிடம் நீட்டிவிட்டு அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பார்த்ததும் முகம் கறுக்கும், அந்தக் கறுப்பு ஒன்றே எனக்குப் போதும் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். "நல்லா எழுதியிருக்கிறாய் பிள்ளை. கொஞ்சம் கடுமைதான், ஆனால் சனத்துக்குப் பிடிக்கும்" என்றார். மறந்தே போய்விட்டார். என் வாழ்க்கையில் என்னை அதிகம் எரித்தது அந்தக் கதவு என்று நினைத்திருந்தேன். இல்லை, அந்த மறதிதான். நல்லது என்று சொல்லி, கதவில் சங்கிலியைப் போட்டுக்கொண்டு கதைத்தால் இயற்கையாக இருக்கும் என்றும் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த நாள் உனக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கும். ஏழு வயது, கடதாசிச் சிறகு கட்டிக்கொண்டு சம்மனசாக முன்னால் நடந்தாய். நாலரை மணிக்கே இருட்டி, தூறிக்கொண்டிருந்தது. மாதாவாக வந்தவள் உண்மையிலேயே பிள்ளைத்தாய்ச்சியான ஓர் இளம் நேர்ஸ். ஐரிஷ்காரக் கிழவர் இடமில்லை என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்து, ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு எங்களோடு வந்து சேர்ந்தார். அதுவும் அவர்களின் வழக்கம்தான். விரட்டின வீட்டார் எல்லாரும் பிறகு ஊர்வலத்தில் சேர்ந்து கோயிலுக்கு வந்து, பூசை கண்டு, ஒரே மேசையில் சாப்பிடவேண்டும். நைஜீரியா வீட்டாரும் அப்படியே பிள்ளைகளோடு வந்து சேர்ந்தார்கள். மூன்றாவது பெரியப்பா வீடு. பாட்டு முடிந்தது. சங்கிலியோடு கதவு திறந்தது. அதே நாலு விரல் இடைவெளி. அவர் என் வசனத்தை, தன் வசனத்தை, கணீரென்று சொன்னார். எங்களோடு வந்த பத்துப் பதினைந்து தமிழ்க் குடும்பமும் ரசித்தது. அப்பாவும் சிரித்தார். சனம் ரசிக்கிறது என்று கண்டதும் பெரியப்பாவுக்கு உற்சாகம் ஏறியது. கடதாசியில் இல்லாததைத் தானாகச் சேர்த்தார்.

"கடற்கரைச் சனத்துக்கு என்ர வாசல்படி கேக்குதோ?"

நான் எழுதாத வரி. யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்காத வரி. தமிழ்ச் சனம் அப்படியே அடங்கிப்போனது, அதில் பாதிப்பேர் மன்னார்க்காரர். பிலிப்பீன்ஸ் ஆட்களுக்குத் தமிழ் விளங்காது, அவர்கள் அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். கதவு இடைவெளியில் பெரியப்பாவின் கண் என்னைத் தேடியது. என்னைக் கண்டதும் நின்றது. அப்போதுதான் அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அவருக்குப் பின்னால் பெரியம்மா படிக்கட்டில் பொத்தென்று இருந்து வாயைப் பொத்திக்கொண்டார். நான் சிரித்தேன் மகள். அந்த ஒரு நிமிசத்தைப் போல இனிப்பான நிமிசம் என் சீவியத்தில் வேறு இல்லை, உன்னைப் பெற்றதைத் தவிர. இன்றைக்கும் நினைத்தால் இனிக்கிறது. இதை ஒளித்து உனக்கு நல்ல தாய் வேசம் போட எனக்கு விருப்பமில்லை.

அப்பா உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். சிறகு கிழிந்துபோனது என்று நீ வழியெல்லாம் அழுதாய். சாப்பாடு இல்லாமல் ஏன் வந்தோம் என்று பல வருசம் கேட்டாய், நான் ஏதேதோ சொல்லிச் சமாளித்தேன். உன்னைப் படுக்க வைத்துவிட்டு அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"அண்டைக்கு நீ அந்த வீட்டுக்குப் போனனியோ?"

"ஓம்."

"இது அண்ணை உனக்குச் சொன்னதோ?"

"ஓம். கடைசி வரி நான் எழுதேல்லை."

கிழிந்த கடதாசிச் சிறகை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு, "இத்தனை வருசம் எனக்கு ஒளிச்சு வைச்சது என்னைக் காப்பாத்தவோ, இண்டைக்கு இப்பிடிச் செய்யவோ?" என்று கேட்டார். அதன் பிறகு அவர் அண்ணன் வீட்டுப் படி மிதிக்கவில்லை, பெரியப்பாவிடமிருந்து போன் வந்தால் வைத்துவிடுவார். ஊரில் தாய் தகப்பன் இல்லாத மனிதருக்கு மிஞ்சியிருந்த ஒரு சொந்தத்தையும் அன்றைக்கு நான் எடுத்துக்கொண்டேன். ஆனால் அந்த நேரம் அப்படி நினைக்கவில்லை. வென்றேன் என்றுதான் நினைத்தேன்.

லூர்தெஸுக்கு விசயம் தெரியவர அடுத்த நாளாகியது, யாரோ அந்த வரியை இங்கிலிஷில் விளக்கிவிட்டார்கள். அவள் வந்து வாசலில் நின்றே பேசினாள். எங்கள் ஊரில் கதவைச் சாத்தினவனும் கூட நடந்து கோயிலுக்கு வருவதற்காகத்தான் இந்த நாடகமே நடத்துகிறோம், நீ ஒருவனை வெளியிலேயே நிறுத்துவதற்கு எங்கள் மாதாவைப் பிடித்து வேலை வாங்கியிருக்கிறாய் என்றாள். அந்த மனிதர் அன்றைக்கு ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாராம். பக்கத்தில் நடக்க ஒருவரும் இல்லாமல் கடைசியில் தனியே நடந்து, கோயில் வாசல்வரை வந்து திரும்பிப் போய்விட்டாராம். உனக்கு என்ன தெரியும், உன்னை யாராவது அப்படி விரட்டினார்களா என்று நான் கத்தினேன். தான் வேலை செய்த முதல் வீட்டிலிருந்து நத்தார் அன்றுதான் தன்னைத் துரத்தினார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஈஸ்டர் வரைக்கும் என்னோடு கதைக்கவில்லை. நான் பிழை என்று ஒத்துக்கொள்ளவும் இல்லை. அவள்தான் கடைசியில் வந்தாள், நான் போகவில்லை. பழிவாங்குவதானால் செய்தவரோடு நிறுத்தவேண்டும், பக்கத்தில் நிற்கிறவரில் படவிடக்கூடாது. இது நான் உனக்குச் சொல்கிற மூன்றாவது புத்தி. நான் இதைப் படித்தது எப்படி என்பதுதான் மிச்சக் கதை.

தொண்ணூற்றெட்டு டிசம்பரில் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். வயிற்றில் வந்த புற்றுநோய் எங்கேயெல்லாமோ பரவிவிட்டது. உன்னை லூர்தெஸின் வீட்டில் விட்டிருந்தேன். அவர்கள் பரோல் செய்ய, நீ கண்ணாடித்தாள் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாய். பன்னிரண்டு வயதில் உனக்கு அது நல்லது என்று லூர்தெஸ் சொன்னாள். ஒரு நாள் மத்தியானம், பார்வையாளர் நேரம், நான் வார்ட் வாசலில் நின்றேன். நடைபாதையில் பெரியப்பா வந்தார். கையில் சூப் பிளாஸ்க். ஐந்து வருசத்தில் நன்றாக வயது போயிருந்தது. தம்பி எப்படி என்று கேட்டார். நித்திரை என்றேன். பொய், அப்பா முழித்துத்தான் இருந்தார். "ஒரு நிமிசம் பிள்ளை. முகத்தை மட்டும் பாத்திட்டுப் போறன்" என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு இரக்கம் வந்திருக்கவேண்டும். வந்தது வேறொன்று. நான் கையை நீட்டி வாசலை மறித்தேன்.

"இஞ்ச இடமில்லை" என்றேன்.

பிளாஸ்கை அங்கிருந்த கதிரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். சூப்பை நான் சிங்கில் ஊற்றினேன். அன்று பின்னேரம் அப்பா கண்ணைத் திறந்து, "அண்ணை வந்தவரோ?" என்று கேட்டார். ஐந்து வருசமாக அந்தப் பெயரை அவர் எடுத்ததில்லை. இல்லை என்றேன். அடுத்த நாள் காலையிலும் கேட்டார். அதற்கும் இல்லை என்றேன். மூன்றாம் நாள் போய்விட்டார். செத்தவீட்டில் பெரியப்பா பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றதைத்தான் நீ பார்த்தாய். அப்பா உயிரோடு இருக்க ஏன் வரவில்லை என்று அத்தனை சனத்துக்கு முன்னால் நீ அவரைக் கேட்டாய். அவர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் உனக்குப் பதில் சொல்லாமல் தலையைத் தடவிவிட்டுப் போனார். இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்காக அவரை நல்ல மனிதர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பயத்தில் வாய் மூடியிருக்கலாம், வெட்கத்தில் மூடியிருக்கலாம், எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசை இல்லை.

அவரை நான் மன்னிக்கவில்லை. இதை எழுதுகிறபோதும் அந்தக் கோபம் ஆறவில்லை. இடம் கேட்டு வந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். சுவாமியே வந்து சொன்னாலும் அவருடைய கையை எடுத்து நெற்றியில் வைக்கமாட்டேன். ஆனால் அப்பா கேட்டது ஒரு சின்னக் கேள்வி. ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பார். அந்தச் சொல்லை நான் கொடுக்கவில்லை. எனக்கு ஒரு தீங்கும் செய்யாத மனிதருக்குக் கொடுக்கவில்லை. அதுமட்டும் என்னைத் தூங்கவிடுவதில்லை.

நத்தார் கழிந்து மூன்றாம் நாள் உன் கலியாணம். அவர்களின் வழக்கப்படி தாய் தகப்பன் இருவரும் பெண்ணுக்கு இரண்டு பக்கமும் நடந்து வரவேண்டும் என்றாய். அப்பா இல்லாததால் நான் மட்டும் வருவதாக ஒழுங்கு. இதை வாசித்தபிறகு என்னோடு நடக்க உனக்கு மனம் வராவிட்டால் சொல், நான் கோயிலின் பின்வரிசை வாங்கில் இருக்கிறேன், குறை நினைக்கமாட்டேன். பெரியப்பாவைக் கூப்பிடு என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அவர் வந்தால் நான் அவரோடு ஒரு வார்த்தை கதைக்கமாட்டேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒன்றுதான் கேட்கிறேன். அவரைக் கூப்பிடாமல் விடுவதானால் அவர் செய்ததற்காக விடு. நான் செய்ததற்காக விடாதே.

அம்மா